முதல் நாள் காலை, ரூம் இல்லாத எட்டு மணி நேரம்

தீம் பார்க் பக்கத்துல ஹோட்டல் தேடறவங்க எல்லாரும் முதல்ல பாக்கறது எர்லி என்ட்ரி இருக்கான்னுதான். ஊர் கூட்டம் உள்ள வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம், ஒரு மணி நேரம் நமக்கு மட்டும் கேட் திறப்பாங்க, அதுக்காகவே ராத்திரிக்கு நூறு டாலர் கூடக் குடுத்து உள்ள இருக்கிற ஹோட்டலா பாத்து எடுக்கறவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர். ஆனா எர்லி செக்-இன், அதாவது ரூம் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கிடைக்குமாங்கறத யாரும் அப்ப யோசிக்கறதில்ல, அது ஹோட்டல் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம், கையில பெட்டியோட, கண்ணு எரியுற நேரத்துலதான் ஞாபகத்துக்கு வரும். புக் பண்ற நேரத்துல ரெண்டும் ஒரே மாதிரி சின்னச் சலுகையாத்தான் தெரியும். எனக்கு ரொம்ப நாளா இதுல ஒரு உறுத்தல். இந்த ரெண்டுல நமக்கு நிஜமாவே தேவைப்படறது ரெண்டாவதுதான், ஆனா அவங்க உறுதியா குடுக்கறது முதலாவது, ரெண்டாவதுக்கு "ரூம் இருந்தா பாக்கலாம்"ங்கற பதில்தான். ஏன் இப்படின்னு, அமெரிக்கால டிஸ்னி, யுனிவர்சல் பார்க்கெல்லாம் இருக்கிற ஆர்லாண்டோ போயிட்டு வந்ததுல இருந்து யோசிச்சுட்டே இருக்கேன், ஆறப்போட்டும் பாத்தேன், ஆறல. அதான் எழுதறேன்.

எர்லி என்ட்ரி எப்படின்னு போனவங்களுக்குத் தெரியும், அதனால சுருக்கமா சொல்லிடறேன். வால்ட் டிஸ்னி வேர்ல்டுல முன்னாடி எக்ஸ்ட்ரா மேஜிக் அவர்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு நாளைக்கு ஏதாவது ஒரு பார்க், அதுல காலைல ஒரு மணி நேரம் முன்னாடி போகலாம், சில நாள் ராத்திரி கூடுதல் நேரம் இருக்கலாம். 2020 மார்ச்ல பார்க் மூடினப்ப அது நின்னுச்சு, அப்புறம் திரும்பி வரவே இல்ல. 2021 அக்டோபர்ல அவங்க 50-வது வருஷக் கொண்டாட்டத்தோட சேர்த்து புதுசா வந்ததுதான் இப்ப இருக்கிறது: நாலு பார்க்லயும், தினமும், அரை மணி நேரம், அவங்க ஹோட்டல்ல எதுல தங்கினாலும் உண்டு, கூட பக்கத்துல இருக்கிற சில வெளி ஹோட்டல்களுக்கும் உண்டு. யுனிவர்சல்ல அவங்க ஹோட்டல்ல தங்கினா ஊர் கூட்டத்துக்கு முன்னாடியே விடுவாங்க, ஆனா எந்த பார்க், எந்த ரைடுங்கறது நாளுக்கு நாள் மாறும். டோக்கியோ டிஸ்னில இதே சலுகை வெறும் 15 நிமிஷம்தான், அதுக்கும் அங்க போட்டி.

என்னைக் கேட்டா பழைய ஒரு மணி நேரத்தை விட இப்ப இருக்கிற அரை மணி நேரம் நியாயமானது. அப்ப எந்த பார்க்ல அன்னைக்கு எக்ஸ்ட்ரா நேரமோ அங்கயே எல்லா ஹோட்டல்காரங்களும் போய் விழுவாங்க, பத்து மணிக்கெல்லாம் அந்த பார்க்தான் நாலுலயும் கூட்டமான பார்க்கா மாறிடும். இப்ப கூட்டம் நாலு பக்கமும் பிரிஞ்சுடுது. நேரம் குறைஞ்சுடுச்சுன்னு புலம்பறவங்களுக்கு அது புரியறதில்ல.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் வேற. இந்தச் சலுகை செக்-இன் நாள்லயே ஆரம்பிச்சுடும். அதாவது உங்க ரூம் சாயங்காலம் 3 மணிக்குத்தான், ஆனா அன்னைக்குக் காலைல 8:30-க்கே நீங்க பார்க் உள்ள போகலாம். யுனிவர்சல்லயும் அப்படித்தான், ரூம் 4 மணிக்கு, ஆனா காலைல டெஸ்க்ல போய் பேரைச் சொன்னா கீ கார்டைக் குடுத்துடுவாங்க, அதை வச்சு கேட்ல போயிடலாம். செக்-அவுட் பண்ற நாளும் இந்தச் சலுகை உண்டு. ஒரே ஒரு ராத்திரி தங்கினாக் கூட ரெண்டு நாள் காலை கிடைக்குதுன்னு எல்லாரும் கணக்கு சொல்வாங்க. கணக்கு சரிதான், அதுல முதல் காலை எப்படிப்பட்ட காலைங்கறதுதான் அந்தக் கணக்குல வராது.

லாபில அப்பா

நாங்க போனது வெஸ்ட் கோஸ்ட்ல இருந்து ராத்திரி ஃப்ளைட்ல. ராத்திரி கிளம்பினா விடிய விடிய ஆர்லாண்டோ, ஒரு நாள் மிச்சம், டிக்கெட்டும் விலை கம்மி, எல்லாரும் பண்றதுதான். கூட ஊர்ல இருந்து வந்திருந்த அப்பா அம்மா. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிடுச்சு. ஏர்போர்ட்ல இருந்து ஹோட்டலுக்கு வந்து சேரும்போது மணி ஏழு கூட ஆகல. டெஸ்க்ல இருந்த பையன் ரொம்ப சந்தோஷமா வரவேற்றான், பெட்டிக்கெல்லாம் டேக் கட்டி வாங்கிக்கிட்டான், ரூம் 3 மணிக்கு மெசேஜ் வரும், ஆனா நீங்க இப்பவே பார்க்குக்குக் கிளம்பலாம், எர்லி என்ட்ரி உங்களுக்கு உண்டுன்னு சொன்னான். என் பொண்ணு அதைக் கேட்டதுமே குதிக்க ஆரம்பிச்சுட்டா. ஹோட்டல் பேர் வேணாம், எல்லா ஹோட்டலும் இதைத்தான் சொல்லும், அந்தப் பையனும் தப்பா எதுவும் சொல்லல.

அப்பா லாபில ஒரு சோபால உக்காந்திருந்தார். ஷூ லேஸை அவிழ்த்து விட்டிருந்தார், ஆனா ஷூவைக் கழட்டல. ஃப்ளைட்ல உக்காந்தே வந்ததுல கணுக்கால் ரெண்டும் வீங்கி, சாக்ஸோட எலாஸ்டிக் தோல்ல பதிஞ்சு கோடு விழுந்திருந்துச்சு. எதிர்ல ஒரு ஸ்டூல் மாதிரி இருந்துச்சு, காலைத் தூக்கி அதுல வைங்கப்பான்னேன். சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, வேணாம்பா, இதுவே நல்லாத்தான் இருக்குன்னார். அவருக்கு நாலு பேர் நடக்கற இடத்துல காலை நீட்டி உக்கார வராது. பெரிய ஜன்னல், ஏசி, காபி மெஷின், எல்லாம் இருக்கிற லாபி அது, ஆனா எழுபது வயசுக்காரர் ஒருத்தர் சாயறதுக்கு அங்க இடம் கிடையாது. முதுகை நிமிர்த்தி உக்காந்து, மாத்திரைப் பையை மடில வச்சு, அதோட ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கிட்டு இருந்தார். அவர் பொறுமையா இருக்காருன்னு வெளில இருந்து பாக்கறவங்களுக்குத் தோணும். எனக்குத் தெரியும், அவர் தலை சுத்தலை அடக்கிக்கிட்டு இருக்கும்போதுதான் அந்த மாதிரி கைக்கு ஏதாவது வேலை குடுப்பார்.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கப்பா. நான் இங்க உக்காந்துக்கறேன். பேப்பர் ஏதாவது படிச்சுட்டு இருப்பேன்."

அம்மா உடனே, "நான் அப்பாவோட இருக்கேன், நீ பிள்ளைங்களைக் கூட்டிட்டு போ, அதுங்க ஆசையா இருக்குங்க"ன்னாங்க. எங்க வீடுகள்ல இந்தப் பேச்சு எப்படிப் போகும்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு ஆளாளுக்கு விட்டுக் குடுப்பாங்க, கடைசில யாருக்குமே நிம்மதி இருக்காது. நாலு மாசமா இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டதே எல்லாரும் சேர்ந்து போறதுக்குத்தான், முதல் நாள் காலைலயே அப்பாவை எட்டு மணி நேரம் ஒரு சோபால விட்டுட்டுப் போறதுக்கு என் மனசு கேக்கல. அதே சமயம் பொண்ணு முகத்தையும் பாக்க முடியல, பஸ் வந்து வந்து போகுது, ஒவ்வொரு பஸ்ஸையும் அவ எண்ணிக்கிட்டு இருக்கா.

அப்பதான் என் மனைவி மறுபடியும் டெஸ்குக்குப் போனா. இந்த தடவை அங்க நின்னது வயசான ஒரு அம்மா, பல வருஷம் அதே வேலைல இருந்த தோரணை. மனைவி விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா திரும்பி சோபால இருந்த அப்பாவை ஒரு தடவை பாத்தாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க: உங்களுக்கு நீங்க கேட்ட அந்த ரூம் வேணுமா, இல்ல அவர் படுக்க ஒரு ரூம் வேணுமா?

எங்களுக்கு முதல்ல புரியல. அவங்களே விளக்கினாங்க. நாங்க புக்கிங்ல ரெண்டு ரூமும் உள்ளுக்குள்ள கதவு வச்ச பக்கத்து பக்கத்து ரூமா வேணும்னு கேட்டிருந்தோம், மேல் மாடி, நீச்சல் குளம் தெரியற மாதிரி, லிஃப்ட் சத்தம் இல்லாம. அதையெல்லாம் பாத்து முந்தின நாளே ரெண்டு ரூம் நம்பரை எங்க பேர்ல பிளாக் பண்ணி வச்சுட்டாங்க. அந்த ரெண்டு ரூம்லயும் ஆள் இன்னும் தூங்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு 11 மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் சேரச் சேர, அதுக்குப் பொருந்தற ரூம் குறைஞ்சுக்கிட்டே வரும், குறைஞ்சு குறைஞ்சு கடைசில அந்த ரெண்டே ரெண்டு ரூம்தான், அது காலியாகற வரைக்கும் நமக்கு வழி இல்ல. ஆனா கீழ்த்தளத்துல பார்க்கிங்கைப் பாத்த மாதிரி ஒரு ரூம், பக்கத்துல ஐஸ் மெஷின் சத்தம் இருக்கும், அதுல இருந்தவங்க விடியக்காலை ஃப்ளைட்டுக்குக் கிளம்பிட்டாங்க, க்ளீன் பண்ற ஆள் இப்பதான் உள்ள போயிருக்காங்க, ஒரு மணி நேரத்துல ரெடி ஆகும். அதை எடுத்துக்கிட்டா பக்கத்து பக்கத்து ரூம் போயிடும், ரெண்டு ரூமும் ரெண்டு மூலைல இருக்கும், பரவாயில்லையான்னு கேட்டாங்க.

எடுத்துக்கிட்டோம். ஒன்பதே கால் வாக்குல அப்பா அந்த ரூமுக்குள்ள போய், ஷூவைக் கழட்டி, கட்டில்ல படுத்தார். எர்லி என்ட்ரி நேரம் அதுக்குள்ள போயிடுச்சு. நாங்க பார்க் உள்ள போகும்போது பத்தரை, செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின்ங்கற ரைடுக்கு வாசல் போர்டுல 90 நிமிஷம் நிக்கணும்னு போட்டிருந்துச்சு, பொண்ணு அழுதா, உண்மையாவே அழுதா, அதை மறைக்க விரும்பல. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு அம்மாவோட பஸ் புடிச்சு அப்பா வந்து சேர்ந்தார், தூங்கி எழுந்த முகத்தோட, குளிச்சு, சட்டை மாத்தி. ராத்திரி வாணவேடிக்கை முடியற வரைக்கும் நின்னே பாத்தார். அவரோட அந்த அஞ்சு மணி நேரம், காலைல விட்ட அரை மணி நேரத்துக்குப் பதிலா கிடைச்சது.

அந்தம்மா கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் மண்டைல ஓடிக்கிட்டு இருக்கு. பார்க் பத்தி எவ்வளவோ வீடியோ பாத்திருக்கோம், எந்த ரைடுக்கு எந்தப் பக்கமா ஓடணும், எந்த பஸ்ல ஏறணும், எத்தனை மணிக்கு நிக்கணும்னு அத்தனையும் மனப்பாடம். படுக்கறதுக்கு ஒரு கட்டில் வேணும்னா எப்படிக் கேட்கணும்ங்கறதை யாரும் சொல்லித் தரல.

3 மணின்னு ஏன் வச்சிருக்காங்க

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் ஹோட்டல்ல வேலை பாக்கற ஒரு நண்பர்கிட்ட இதைப் பத்திப் பேசினேன். அவர் சொன்ன கணக்கு ரொம்ப எளிமை. செக்-அவுட் 11, செக்-இன் 3, நடுவுல நாலு மணி நேரம். ஆள் போன ரூமை முழுசா மாத்தணும், படுக்கை விரிப்பு எல்லாம் உருவி புதுசு போடணும், பாத்ரூம் தேய்க்கணும், குப்பை, தரை, துண்டு, அப்புறம் சூப்பர்வைசர் வந்து பாத்து சரின்னு சொல்லணும். ஒரு ரூமுக்கு அரை மணி நேரம்னு வச்சுக்கிட்டாலும் நாலு மணி நேரத்துல ஒருத்தரால எட்டு ரூம்தான் முடியும். பல ஹோட்டல்கள்ல ஒருத்தருக்கு ஒரு ஷிஃப்டுக்கு 14, 15 ரூம்னு தலைல கட்டுவாங்க. அதுல தங்கிட்டு இருக்கிறவங்க ரூமும் வரும், அதுக்கு நேரம் கம்மிதான், இருந்தாலும் 11 மணிக்கு அப்புறம்தான் எல்லா ரூமும் காலியாகும்னா 3 மணிக்குள்ள முடிக்கவே முடியாது. முடியுதுன்னா, நிறைய பேர் 11-க்கு ரொம்ப முன்னாடியே கிளம்பிடறதாலதான் முடியுது.

இந்த வேலையைச் செய்யறவங்க யாருன்னும் கொஞ்சம் பாக்கணும். டிஸ்னி வேர்ல்டுல ரூம் க்ளீன் பண்றவங்க உள்பட சுமார் 45,000 தொழிலாளர்களுக்காகத் தொழிற்சங்கங்கள் பேசி, 2023 மார்ச்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 15 டாலர்ல இருந்து அந்த வருஷக் கடைசிக்குள்ள 18 டாலருக்கு வரணும்னு. மணிக் கூலிக்கு வேலை பாக்கற ஒருத்தர் மெத்தையோட நாலு மூலையையும் தூக்கித் தூக்கி விரிப்பைச் சொருகற வேகத்துலதான் நம்ம எர்லி செக்-இன் இருக்கு. அவங்களை இன்னும் வேகமா ஓட வச்சு எனக்கு ரூம் குடுங்கன்னு கேக்க எனக்கு மனசில்ல.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கேட்டை அரை மணி நேரம் முன்னாடி திறக்கறதுக்கு பார்க்குக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, எப்படியும் ஆட்கள் வந்தாச்சு, ரைடெல்லாம் விடியக்காலைலயே ஓட்டிப் பாத்தாச்சு, அதுவும் டிஸ்னியோட நாலு பார்க்ல ஒண்ணான மேஜிக் கிங்டம்ல அந்த அரை மணி நேரத்துல முழு பார்க்கையும் திறக்கறது இல்ல, ஃபேன்டஸிலேண்ட், டுமாரோலேண்ட் ரெண்டு பக்கம் மட்டும்தான். அதனால அதைக் கூசாம எல்லாருக்கும் குடுக்க முடியும், விளம்பரத்துல முதல் வரியாப் போட முடியும். காலை 7 மணிக்கு ஒரு ரூம் குடுக்கணும்னா முந்தின ராத்திரி அந்த ரூம் காலியா இருந்திருக்கணும், அதாவது ஒரு ராத்திரி வாடகையை அவங்க விட்டிருக்கணும். நிறைஞ்சு வழியற சீசன்ல அப்படி ஒரு ரூம் இருக்கவே இருக்காது. அவங்களுக்குச் செலவில்லாதது எல்லாருக்கும் உறுதியாக் கிடைக்கும், செலவு புடிக்கறது நம்ம அதிர்ஷ்டத்துக்கு. வியாபாரம்னா அப்படித்தான், அதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. ஆனா ராத்திரி முழுக்கத் தூங்காம வந்து நிக்கற குடும்பத்துகிட்ட, கட்டில் இல்ல ஆனா கேட் திறந்திருக்குன்னு சொல்றதை ஒரு பரிசு மாதிரி சொல்றாங்களே, அதுதான் எனக்கு ஒப்பல. அந்தப் பரிசை அனுபவிக்கத் தெம்பு இருக்கிறவங்க ஏற்கனவே நல்லாத் தூங்கி எழுந்தவங்க. முதல் நாள் வந்து இறங்கறவங்கள்ல வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, முட்டி வலிக்காரங்க இவங்களுக்கு அது ஒரு சங்கடத்தைத்தான் குடுக்குது, போகலைன்னா காசு போச்சுன்னு இருக்கும், போனா உடம்பு போச்சு.

எர்லி என்ட்ரியே வீண்னு நான் சொல்ல வரல. ரெண்டாவது நாள் நாங்க ஒழுங்கா போனோம். எல்லாரும் முந்தின ராத்திரி சீக்கிரமே படுத்து, ஏழே முக்காலுக்கு பஸ்ல இருந்து இறங்கி, கேட்ல நின்னோம். கார்ல வர்றவங்க மேஜிக் கிங்டமுக்குன்னா தூரத்துல கார் நிறுத்திட்டு மோனோரயிலோ படகோ புடிச்சு வரணும், ஹோட்டல் பஸ் நேரா வாசல்லயே இறக்கி விட்டுடும், அந்த வித்தியாசமே அரை மணி நேரத்துக்குச் சமம். கைல இருக்கிற பேண்டை ஒரு ஆள் ஸ்கேன் பண்ணிப் பாத்து இந்தப் பக்கம் விட்டாங்க, சலுகை இல்லாதவங்க அந்தப் பக்கம் கயிறுக்குப் பின்னாடி நின்னாங்க. முந்தின நாள் பொண்ணு அழுத அதே மைன் ட்ரெயின்ல அதிக நேரம் நிக்காமலே ஏறிட்டோம், இறங்கி வந்து பீட்டர் பான், அதுவும் பத்து நிமிஷத்துல. பீட்டர் பான் 1971-ல பார்க் திறந்த அதே வாரத்துல வந்த ரைடு, ஒரு வண்டிக்கு ரெண்டு மூணு பேர்தான் உக்கார முடியும், அதனால மத்தியானத்துல அங்க ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கணும். காலை வெயில் இன்னும் ஏறாத நேரம், அப்பா கூட்டம் இல்லாத தெருவுல கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிதானமா நடந்தார். அந்த அரை மணி நேரம் குடுத்த காசுக்கு மேலதான். அது தூங்கி எழுந்தவங்களோட காலைங்கறதை மட்டும்தான் சொல்றேன்.

கிளம்பறவங்க கைல இருக்கிற சாவி

அந்த நண்பர் சொன்னதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. செக்-அவுட் நாள் காலைலயும் எர்லி என்ட்ரி உண்டு இல்லையா, அதனால நிறைய குடும்பங்க அன்னைக்குக் காலை ஏழு மணிக்கே பெட்டியைக் கட்டி கீழ பெல் டெஸ்க்ல குடுத்துட்டு பார்க்குக்குப் போயிடும். ரூம் அப்பவே காலி. ஆனா ஹோட்டல் கம்ப்யூட்டர்ல அது இன்னும் ஆள் இருக்கிற ரூம்தான், இன்னைக்கு காலி பண்ணணும்னு மட்டும் குறி போட்டிருக்கும், 11 மணி வரைக்கும் க்ளீன் பண்ற ஆள் கதவைத் தட்டறதுக்கே தயங்குவாங்க, உள்ள தூங்கிட்டு இருந்தா என்ன பண்றதுன்னு. ஏழு மணில இருந்து பதினொண்ணு வரைக்கும் அந்த ரூம் சும்மாவே கிடக்கும். கிளம்பும்போது ஆப்ல செக்-அவுட்டை ஒரு தட்டு தட்டினாலோ, டெஸ்குக்கு ஒரு போன் போட்டு நாங்க கிளம்பிட்டோம்னு சொன்னாலோ போதும், அந்த நிமிஷமே அது க்ளீன் பண்ண வேண்டிய ரூம் பட்டியலுக்கு வந்துடும். அப்பாவுக்கு அன்னைக்குக் கிடைச்ச ரூம் அப்படித்தான் கிடைச்சிருக்கு, விடியக்காலை ஃப்ளைட்டுக்குப் போன யாரோ ரெண்டு பேர் முறையா சொல்லிட்டுப் போனதால. நம்மள்ல பாதிப் பேர், குடுத்த காசுக்கு 11 வரைக்கும் நம்ம ரூம்னு விட்டுட்டுப் போயிடறோம். திரும்பி வரப்போறது இல்லைன்னா சொல்லிட்டுப் போங்க, தயவுசெஞ்சு. இதை எழுத உக்காந்ததுக்கு இது ஒண்ணே எனக்குப் போதுமான காரணம்.

வர்ற பக்கம் என்ன செய்யலாம்னு கேட்டா, ஆன்லைன்ல முன்னாடியே செக்-இன் பண்ணி வர்ற நேரத்தைப் போட்டுடுங்க, அது எல்லாரும் சொல்றதுதான். ரெண்டு ரூம் எடுக்கறவங்க, பெரியவங்களுக்கான ரூமைத் தனியா விடுங்க, அதுல எந்த ரிக்வெஸ்ட்டும் வைக்காதீங்க, எது முதல்ல ரெடி ஆகுதோ அதுன்னு டெஸ்க்ல நேராவே சொல்லுங்க. யாருக்காகக் கேக்கறோம்ங்கறதையும் சொல்லுங்க, எர்லி செக்-இன் இருக்கான்னு பொதுவாக் கேட்டா பொதுவான பதில்தான் வரும். ரூம் கிடைக்கவே இல்லைன்னா குளிக்க, துணி மாத்த இடம் இருக்கான்னு கேளுங்க, நீச்சல் குளத்துப் பக்கம் பல ஹோட்டல்ல ஷவர் இருக்கும், உடம்புல தண்ணி பட்டாலே பாதி அலுப்பு போயிடும். மருந்துப் பையையும் மாத்துத் துணியையும் டேக் கட்டற பெட்டில போட்டு விட்டுடாதீங்க.

இன்னொரு வழி இருக்கு, காசு செலவாகற வழி, முந்தின ராத்திரியையும் சேர்த்து புக் பண்றது. காலைல ஏழு மணிக்குப் போனாலும் அது உங்க ரூம், நேரா போய்ப் படுக்கலாம். தூங்காத ராத்திரிக்கு யார் காசு குடுப்பாங்கன்னு தோணும், எனக்கும் தோணிச்சு. ஆனா வயசானவங்க கூட இருந்தா அது ராத்திரிக்கான காசு இல்ல, காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் படுக்கறதுக்கான காசு. இதுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. ஹோட்டல்ல அன்னைய கணக்கை ராத்திரி ரெண்டு மூணு மணி வாக்குல முடிப்பாங்க. அதுக்குள்ள நீங்க வரலைன்னா உங்களை நோ-ஷோன்னு போட்டுட்டு மிச்ச நாளையும் சேர்த்தே ரத்து பண்ணிட வாய்ப்பு இருக்கு, விடியக்காலை போய் நின்னா புக்கிங்கே இருக்காது. அதனால ஹோட்டலுக்கே நேரா போன் பண்ணி, முந்தின ராத்திரிக்குக் காசு கட்டியிருக்கோம், மறுநாள் காலைலதான் வருவோம்னு சொல்லி, அதை புக்கிங்லயே எழுதச் சொல்லணும். கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேட்டுக்கணும். டிஸ்னி ஹோட்டல்னா இதுல சின்ன லாபமும் உண்டு, லைட்னிங் லேன், அதாவது காசு கட்டி ரைடுக்குச் சின்ன வரிசைல போற வசதி, அதை எடுக்கற உரிமை செக்-இன் தேதிக்கு ஏழு நாள் முன்னாடி ஆரம்பிக்கும், தேதி ஒரு நாள் முன்னாடி போனா அதுவும் ஒரு நாள் முன்னாடி வந்துடும்.

அப்பா அம்மா அடுத்த வருஷம் மறுபடி வர்றாங்க, பொண்ணு ஏற்கனவே ஆர்லாண்டோன்னு சொல்லிட்டா. மறுபடியும் ராத்திரி ஃப்ளைட்தான், வேற வழி இல்ல. முந்தின ராத்திரியையும் சேர்த்துப் போட்டா எவ்வளவு கூட ஆகும்னு அப்பா போன்ல கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அவ்வளவு எதுக்குப்பா, நான் அந்த சோபாலயே இருந்துப்பேனேன்னார். இல்லப்பா, இந்த தடவை நீங்க நேரா ரூமுக்குப் போறீங்க, நாங்களும் கூடவே வந்து படுக்கறோம், முதல் நாள் பார்க்கே கிடையாது, எர்லி என்ட்ரி ரெண்டாவது நாள்னு சொல்லிட்டேன். பொண்ணுகிட்டயும் பேசியாச்சு. முதல் நாள் நீச்சல் குளம்னா சரின்னுட்டா.